சண்டை பிடித்த கேள்வியிலிருந்து மெய்யியல் பழகுவது எப்படி

ஒரு கொப்பி எடுங்கள். முதல் பக்கத்தில், அண்மையில் நீங்கள் யாரோடாவது உண்மையாகவே வாக்குவாதப்பட்ட கேள்வி ஒன்றை எழுதுங்கள். 'பிரபஞ்சம் எதற்காக இருக்கிறது' மாதிரியான கேள்விகள் இப்போதைக்கு வேண்டாம். அதற்காக உங்களோடு யாரும் சண்டை பிடித்திருக்க மாட்டார்கள்.

வன்னியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள எங்கள் ஊர் வாசிகசாலையில், போயா நாட்களில் பின்னேரம் சிலர் கூடுகிறோம். நான் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வருகிறவர்களில் கமக்காரர், உழவு இயந்திரம் ஓடும் ஒரு அண்ணை, சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகள், பேப்பர் வாசிக்க வந்து அப்படியே இருந்துவிடும் ஐயாமார் என்று எல்லாரும் உண்டு. அவர்களுடைய கொப்பிகளில் இருந்து ஐந்து கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கிணறு வெட்ட முதல் நீரோட்டம் பார்ப்பது பலிக்குமா? காணி யாருக்குச் சொந்தம்? கண்டேன் என்று சொல்கிறவரை எப்போது நம்பலாம்? சிறுபோகத் தண்ணீரை எப்படிப் பங்கிட்டால் நியாயம்? கோபப்படுவது பிழையா?

இந்த ஐந்தையும் வைத்தே மெய்யியலாளர் கையாண்ட வழிகளில் பலவற்றைப் பழகிவிடலாம். ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே வழி சரிவராது. நீரோட்டக் கேள்விக்கு விடை நிலத்துக்குள் இருக்கிறது, வெட்டிப் பார்க்கலாம். சொந்தம் என்றால் என்ன என்பதற்கு எவ்வளவு ஆழம் வெட்டினாலும் விடை வராது. தண்ணீர்ப் பங்கீட்டில் குளத்தின் நீர்மட்டத்தை அளக்கலாம், நியாயத்தை அந்த அளவுகோலில் வாசிக்க முடியாது. கோபக் கேள்விக்கோ, விடை தெரிந்த பிறகும் வேலை மிச்சம் இருக்கும். ஆகவே கேள்விக்குப் பக்கத்தில் அது எந்த வகை என்று ஒரு சொல் எழுதுங்கள்: பார்ப்பது, விளங்குவது, தீர்ப்பது, பழகுவது. பிறகு மாற்றவேண்டி வரலாம், பரவாயில்லை.

இந்த இடத்தில் யாராவது 423ஆம் குறளைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகப் பார்ப்பார்கள். யார் வாய்க் கேட்டாலும் மெய்ப்பொருள் காண வேண்டும், சரி. எப்படிக் காண்பது என்பதை வள்ளுவர் அந்த இரண்டு அடிக்குள் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கொப்பி.

காணிக் கேள்வியும் சோக்கிரட்டீசும்

'விளங்குவது' என்று எழுதிய கேள்விக்குச் சோக்கிரட்டீஸின் வழி பொருந்தும். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிளேட்டோ எழுதிய உரையாடல்கள். அதில் அவர் செய்கிற வேலை எளிது: ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்பார், வந்த விளக்கத்துக்கு உதைக்கிற உதாரணம் ஒன்றைத் தேடுவார், விளக்கத்தைத் திருத்தச் சொல்வார், மறுபடி தேடுவார்.

எங்களிடம் அது இப்படி நடந்தது.

"காடு வெட்டினவனுக்குத்தான் ரீச்சர் காணி சொந்தம்" என்றார் உழவு இயந்திர அண்ணை.

"கூலிக்கு ஆள் பிடிச்சு வெட்டுவிச்சால்?"

"அது காசு குடுத்தவனுக்கு."

"அப்ப வெட்டினவனுக்கு இல்லையோ?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, பேர்மிட் ஆற்றை பேரிலை இருக்குதோ அவருக்கு" என்று மாற்றினார்.

"இடம்பெயர்ந்த நேரம் பேர்மிட் துலைஞ்சு போச்சு. காணியும் போச்சோ?"

"அதெப்படிப் போகும்!"

"அப்ப கடதாசி சொந்தத்தைக் குடுக்குதோ, இருக்கிற சொந்தத்தைக் காட்டுதோ?"

அதற்குப் பிறகு ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. அந்தக் கடைசிக் கேள்வியின் உருவம் என்னுடையதல்ல. பிளேட்டோவின் 'இயூத்திஃப்ரோ' உரையாடலில் சோக்கிரட்டீஸ் கேட்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? இந்த உருவத்தைப் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கைகொடுக்கும். சட்டம் தடுப்பதால் அது பிழையா, பிழை என்பதால் சட்டம் தடுக்கிறதா? ரீச்சர் புள்ளி போடுவதால் விடை நல்லதா, விடை நல்லது என்பதால் புள்ளியா?

அண்ணையின் முதல் விடைக்கும் ஒரு பெரிய பெயர் உண்டு. உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் உரியது என்று ஜோன் லொக் 1689இல் வெளிவந்த நூலில் வாதாடினார். அண்ணை லொக்கைக் கேள்விப்பட்டதில்லை. கூலிக்காரர் கேள்வியில் லொக்கும் அண்ணை போன பக்கமே போனார்: தன் வேலைக்காரன் வெட்டிய புற்கரணை தன்னுடையது என்றே எழுதினார். பெரிய மெய்யியலாளர் ஒருவருடைய வாதம் எங்கே நொண்டுகிறது என்பதை நம் ஊர்க் காணியில் நின்றே பார்க்க முடிகிறது என்பது பிள்ளைகளுக்கு நல்ல தைரியம் கொடுத்தது.

நீங்கள் செய்யும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். விடை சொல்பவர் தன் சொந்த எண்ணத்தையே சொல்லவேண்டும். 'சில பேர் இப்படியும் சொல்லுவினம்' என்று தொடங்கினால் நிறுத்துங்கள். கேட்பவர் பிரசங்கம் செய்யக்கூடாது, ஒரு முறைக்கு ஒரு கேள்விதான். விளக்கம் ஒன்றும் நிற்காமல் போனால் அதோடு கூட்டத்தை முடிக்கலாம். பிளேட்டோவின் பல உரையாடல்களும் அப்படி முடிவில்லாமல்தான் நிற்கின்றன. தெரியும் என்று நினைத்தது தெரியவில்லை என்று தெரிந்ததே அன்றைய பலன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வயதானவர் ஒருவரைப் பார்த்து 'நீங்கள் சொல்வதற்கு என்ன விளக்கம்?' என்று நேரே கேட்டால் எங்கள் பக்கத்தில் அது மரியாதைக் குறைவு. 'ஐயா, எனக்கொரு இடம் விளங்கேல்லை' என்று தொடங்குங்கள். சோக்கிரட்டீஸும் தனக்குத் தெரியாது என்றுதான் தொடங்குவார். இருந்தும் கி.மு. 399இல் ஏதென்ஸ்காரர் அவருக்கு நஞ்சு கொடுத்தார்கள். ஆகவே முதல் சில தடவை உங்களை நீங்களே கேட்டு, விடையையும் நீங்களே எழுதிப் பழகுவது நல்லது.

கண்டது, கருதியது, கேட்டது

நம்பலாமா என்ற கேள்விக்கு நம்மிடமே நல்ல கருவி இருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அளவையோடுதான், அதாவது அறியும் வழிகளோடுதான், தொடங்குகிறது. அளவை ஆறு என்பார்கள், இன்னும் நான்கு சேர்த்துப் பத்து என்பார்கள், எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று ஒரே பாட்டில் முடித்துவிடுகிறார். உயர்தரத்தில் இந்து நாகரிகம் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். அதைப் பாவித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

பாவிப்பது இப்படி. நீங்கள் நம்புகிற ஒன்றை எழுதுங்கள். பக்கத்தில், இது எனக்கு எப்படித் தெரியும் என்று இந்த மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். அநேகமாக எல்லாமே 'உரை' என்று வரும். உங்கள் பிறந்த நாள் உட்பட.

காண்டல் என்று வந்தால், பழைய உரைகாரர் சொல்லும் இரண்டு குற்றங்களைப் பாருங்கள்: ஐயம், திரிவு. மாலை மங்கலில் தெரிவது குற்றியோ மகனோ என்பது ஐயத்துக்கு அவர்கள் தரும் உதாரணம். காலபோக வயலில் இரவுக் காவல் இருந்தவர்களுக்கு அது யானையோ பற்றையோ. ஐயத்தில் இருப்பவன் கவனமாக நடப்பான். பற்றையை யானை என்று உறுதியாகக் கண்டவன்தான் திரிவில் இருக்கிறான், அவனிடம் 'வடிவாய்ப் பார்த்தியோ' என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வான். எனவே அப்படிக் கேட்காமல், எவ்வளவு தூரம், என்ன வெளிச்சம், எவ்வளவு நேரம், அதற்குக் கொஞ்சம் முன் எதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். யானைக் கதை கதைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பற்றையெல்லாம் யானைதான்.

கருதல் என்றால், நியாயம் என்ற பழைய இந்திய அளவையியல் மரபின் ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். அந்தக் காட்டில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுப்படியில் போல. அந்தக் காட்டிலும் அப்படிப் புகை. ஆகவே அங்கே நெருப்பு. முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றுதானே, எதற்கு வீணாக என்று பிள்ளைகள் கேட்பார்கள். முதலாவது நீங்கள் நிறுவப்போவது, கடைசி நிறுவியது. இடையில் உள்ள மூன்றாம் வரியில்தான் பேனையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். மணல் ஏற்றிப் போகும் டிப்பர் கிளப்பும் புழுதி தூரத்தில் எப்படித் தெரியும்? மார்கழிப் பனி? நீங்கள் கண்டது புகைதானா என்று காண்டலுக்கே திரும்பிப் போகவேண்டி வரும்.

உரை என்று வந்தால்தான் கடினம். யாரை நம்புவது? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தகுந்தவர் என்பதற்கு இரண்டு அடையாளம் சொல்கிறார்: விஷயத்தை நேரே அறிந்திருக்கவேண்டும், அறிந்தபடி சொல்லும் விருப்பம் இருக்கவேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சர் எனப்பட்ட அந்நியருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்றும் சேர்த்துவிடுகிறார். அந்தக் காலத்தில் இப்படி எழுத எவ்வளவு நேர்மை வேண்டியிருந்திருக்கும்! சாதி, பட்டம், உடுப்பு ஒன்றும் கணக்கில் இல்லை.

வன்னியில் இது பாடப்புத்தகத்தோடு நிற்கிற விஷயமல்ல. கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தன் கையால் பிள்ளையை ஒப்படைத்தேன் என்று சொல்லும் தாயிடம் வாத்ஸ்யாயனரின் இரண்டு அடையாளங்களையும் வைத்துப் பாருங்கள். நேரே அறிந்தவர். சொல்லவேண்டும் என்பதற்காகவே தெருவோரத்தில் இருப்பவர். ஆனாலும் அவர் சொல்லுக்குக் கிடைக்கிற எடை எவ்வளவு? மிராண்டா ஃபிரிக்கர் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 2007இல் எழுதிய நூலில் இதை ஒரு தனி அநீதியாகவே எடுத்துக்கொண்டார்: பேசுபவர் யார் என்பதைப் பார்த்து, அவர் சொல்லுக்குரிய நம்பிக்கையைக் குறைத்துக் கொடுப்பது. அது அவரைத் துன்புறுத்துவது மட்டுமல்ல, கேட்பவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய அறிவையும் தடுக்கிறது.

இதற்கு ஒரு பயிற்சி. ஒருவர் சொன்னதைக் கேட்டதும், அதற்கு நீங்கள் கொடுக்கும் நம்பிக்கையைப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். பிறகு அதே சொற்களை, கொழும்பிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணி ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் எத்தனை கொடுத்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் இதைச் சத்தமாக வாசிக்கச் சொல்வதில்லை.

நீரோட்டம்

தேங்காயையோ கவைக் கம்பையோ கையில் பிடித்து நடந்து, இந்த இடத்தில் வெட்டு என்று சொல்வார்கள். வெட்டினால் தண்ணீர் வரும். பலித்துவிட்டது, வேறென்ன வேண்டும்?

பிரான்சிஸ் பேக்கன் 1620இல் வெளியிட்ட நூலில் ஒரு பழைய கதையைத் திரும்பச் சொல்கிறார். நேர்த்திக்கடன் வைத்துக் கப்பல் விபத்தில் தப்பியவர்களின் படங்களைக் கோவிலில் ஒருவருக்குக் காட்டி, இப்போதாவது தெய்வங்களின் வல்லமையை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்களாம். அவர் கேட்டாராம்: நேர்த்தி வைத்தும் மூழ்கிப் போனவர்களின் படம் எங்கே?

கொப்பியில் நான்கு கட்டம் கீறுங்கள். நீரோட்டம் பார்ப்பவர் காட்டி, தண்ணீர் வந்த இடம். அவர் காட்டி, வராத இடம். வேண்டாம் என்று சொல்லி, வெட்டித் தண்ணீர் வந்த இடம். வேண்டாம் என்று சொல்லி, வெட்டி வராத இடம். எங்கள் ஊர்க் கிணறுகளை வைத்து நிரப்பப் பார்த்தோம். கீழ் இரண்டு கட்டமும் வெறுமை. ஏனென்றால் அவர் வேண்டாம் என்ற இடத்தில் காசு செலவழித்து யார் வெட்டுவார்கள்? எங்கே வெட்டினாலும் ஏதோ ஓர் ஆழத்தில் தண்ணீர் வரக்கூடிய நிலத்தில், மேல் கட்டம் மட்டும் நிரம்பி ஒன்றையும் காட்டாது.

கார்ல் பொப்பர் 1934இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்: எது நடந்தால் இது பொய் என்று ஒப்புக்கொள்வாய் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாவிட்டால் அது விஞ்ஞானக் கூற்று அல்ல. ஆகவே மண்வெட்டி எடுக்க முதல், எத்தனை அடியில், எவ்வளவு தண்ணீர் என்று எழுதுவித்துக் கையெழுத்து வாங்குங்கள். காசு செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. அவர் காட்டிய இடங்களில் முளைக்கட்டை அடித்து அளவு எடுத்துவிட்டு, கட்டைகளைப் பிடுங்குங்கள். இன்னொரு நாள் கண்ணைக் கட்டி அதே வளவில் நடக்கவிடுங்கள். அதே இடங்களில் நிற்கிறாரா என்று பாருங்கள். அவர் சம்மதித்தால் மட்டும். ஏமாற்றிப் பரிசோதிப்பது வேறு சண்டையில் முடியும்.

அப்படியென்றால் முருகண்டியில் இறங்கித் தேங்காய் உடைப்பது என்னாகும் என்று ஒரு பிள்ளை கேட்டது. ஏ9 வீதியில் அந்தப் பிள்ளையாரைத் தாண்டும் வாகனங்கள் நிற்பதும், கச்சான் வாங்குவதும் எல்லோருக்கும் தெரியும். நானும் இறங்கிக் கும்பிடுகிறவள்தான். நிற்காமல் போனால் விபத்து என்று சொன்னால் அது நான்கு கட்டத்துக்குள் வரும், நிரப்பிப் பார்க்கலாம். மரியாதைக்கு நிற்கிறேன் என்று சொன்னால் கட்டங்களுக்கு அங்கே வேலையில்லை. எதற்காக நிற்கிறோம் என்பதை நாமேதான் முடிவெடுக்க வேண்டும். சில நேரம் இரண்டும் கலந்திருக்கும், அதையும் எழுதிவிடுங்கள்.

காரணம் தேட ஜோன் ஸ்டுவார்ட் மில் 1843இல் வகுத்த ஐந்து முறைகளும் உண்டு. வயலுக்கு அதில் வேற்றுமை முறை ஒன்றே போதும்: ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே பசளை, ஒன்றில் மட்டும் தண்ணீர் கட்டி நின்றது, அதுதான் மஞ்சளானது. மற்ற நான்கும் சோதனைக்கு வரும், படியுங்கள்.

பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. எல்லாவற்றையும் சந்தேகித்துத் தொடங்கும் அவருடைய வழியைத் தொடக்கக்காரர் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தனியாக அறைக்குள் இருந்து சந்தேகித்தால் தலையிடிதான் மிச்சம். 1637இல் அவர் தந்த நான்கு விதிகள் பயன்படும்: தெளிவாகத் தெரியாததை ஏற்காதே, சிக்கலைத் துண்டு துண்டாக்கு, எளியதிலிருந்து ஏறு, விடுபட்டது உண்டா என்று முழுக்கப் பார். அதைவிடப் பயன், 1643இல் இருந்து பொஹேமியா இளவரசி எலிசபெத் அவருக்கு எழுதிய கடிதங்கள். உடலற்ற ஆன்மா உடலை எப்படி அசைக்கிறது என்று அவர் கேட்டார். டேக்கார்ட்டின் விடைகள் அவருக்குப் போதவில்லை, போதவில்லை என்றே திரும்ப எழுதினார். திருப்பி எழுதக்கூடிய ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பும் காணும், குரல் பதிவு அனுப்பாமல் எழுதினால்.

எதிராளியை எழுதுவது

சித்தியாரில் சுபக்கத்துக்கு முன்னால், மற்றவர் கொள்கைகளைப் பேசும் பரபக்கம் வருகிறது. உலகாயதர், பௌத்தர், சமணர் என்று ஒவ்வொருவரும் சொல்வதை முதலில் எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகே மறுப்பு. அதே 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான தோமஸ் அக்குவைனஸும், ஒவ்வொரு கேள்விக்கும் எதிர் வாதங்களை முதலில் அடுக்கிவிட்டுத்தான் தன் விடையை எழுதினார். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது.

கொப்பியின் இடப்பக்கத்தில் உங்களோடு சண்டை பிடித்தவரின் வாதத்தை எழுதுங்கள். அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். 'ஓம், இதைத்தான் சொன்னனான்' என்று அவர் சொன்ன பிறகே வலப்பக்கத்தில் உங்கள் மறுப்பைத் தொடங்கலாம். சொல்ல எளிது. எங்கள் கூட்டத்தில் பலர் இடப்பக்கத்தை இரண்டு மூன்று தரம் கிழித்தெறிந்துதான் அந்த ஓமை வாங்கினார்கள். அதற்கிடையில் சண்டை மறந்துபோனவர்களும் உண்டு.

நியாய நூலார் விவாதத்தையே மூன்றாகப் பிரிப்பார்கள்: உண்மை அறிவதற்கான வாதம், வெல்வதற்கான சற்பம், தனக்கென ஒரு நிலைப்பாடும் இல்லாமல் மற்றவனை உடைப்பதற்கான விதண்டை. எங்கள் பட்டிமன்றங்கள் இரண்டாம் வகை, சிரித்துவிட்டு வரலாம். விவாதம் தொடங்க முதல் இன்று எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் முதலாவதிலும் மற்றவர் இரண்டாவதிலும் நின்றால் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுங்கள்.

சீட்டுப் போட்டு நியாயம்

இரணைமடுவில் மாரி முடிந்து குளத்தில் நிற்கிற தண்ணீர், சிறுபோகத்தில் எல்லாக் காணிக்கும் காணாது. எத்தனை ஏக்கர் செய்வது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். வாய்க்காலின் தலைப்பில் காணி இருப்பவருக்கு ஒரு நியாயம், கடைமடையில் இருப்பவருக்கு இன்னொரு நியாயம். அவரவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் உண்மைதான்.

ஜோன் ரோல்ஸ் 1971இல் ஒரு கற்பனையைச் சொன்னார். சமூகத்தில் நீ யாராக இருக்கப்போகிறாய் என்று தெரியாமல், அறியாமைத் திரை ஒன்றின் பின்னால் நின்று விதிகளை எழுது. கற்பனைதானே என்று விடாமல் நாங்கள் சீட்டு எழுதினோம். தலைப்பில் 3 ஏக்கர். கடைமடையில் 1 ஏக்கர். பேர்மிட் இல்லாமல் மேட்டுநிலத்தில் இருப்பவர். குளத்தில் மீன் பிடிப்பவர். காணியே இல்லாத கூலிக்காரி. யாழ்ப்பாணத்தில் கிணறு உவராகிப்போன வீடு. கடைசிச் சீட்டுக்குப் பெரிய சண்டை, ஏனென்றால் இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் எங்கள் பக்கத்தில் சும்மா கதைத்து முடிக்கிற விஷயமல்ல. சண்டை வந்ததால்தான் அது உள்ளே இருக்கவேண்டும் என்றேன்.

ஆளுக்கொரு சீட்டு எடுத்து, பிரிக்காமல் சட்டைப் பைக்குள் வைக்கவேண்டும். பிறகு பங்கீட்டு விதியை எல்லோரும் சேர்ந்து எழுதவேண்டும். விதி எழுதி முடிந்த பிறகே சீட்டைப் பிரிக்கலாம். பார்த்தால், தலைப்பில் காணி வைத்திருக்கும் ஐயாவே முதலில், ஆகக் குறைந்தது எல்லாருக்கும் ஒரு சிறு பங்கு என்று தொடங்கினார். தன் பைக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம் நன்றாக வேலை செய்தது. ஆனால் கூலிக்காரியின் சீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. காணி இல்லாதவருக்குத் தண்ணீரில் என்ன பங்கு என்று யோசிக்கவே எங்களுக்குப் பழக்கமில்லை. அவள் சீட்டு ஒரு மாணவிக்கு வந்தது. தண்ணீர் வேண்டாம், செய்கிற ஏக்கர் குறைந்தால் என் கூலி நாளும் குறையும், அதற்கு விதி எழுதுங்கள் என்று விடாப்பிடியாக நின்றாள்.

இந்த வழிக்கு ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லவேண்டும். ரொபேர்ட் நோசிக் 1974இல் எழுதிய மறுப்பு இது: பங்கு நியாயமா என்று பார்க்க, அது எப்படி வந்தது என்ற வரலாறு தேவை. சீட்டில் வரலாறு இல்லை. யார் காடு வெட்டினார், யார் விட்டுவிட்டு ஓடவேண்டி வந்தது, யார் திரும்பி வந்தபோது வேறொருவர் விதைத்திருந்தார் என்பதெல்லாம் மடித்த கடதாசிக்குள் அழிந்துபோகிறது. காணி அண்ணை உடனே பிடித்துக்கொண்டார். இரண்டு வழிகளும் மோதும்போது ஒன்றை விட்டுவிட வேண்டாம். எந்த இடத்தில் மோதுகிறது என்று எழுதிவையுங்கள், அந்த வரிதான் அடுத்த கூட்டத்தின் கேள்வி.

பழகவேண்டியது

கோபக் கேள்விக்கு அரிஸ்டோட்டில் ஒரு விடை சொல்வார்: சரியான ஆளிடம், சரியான அளவில், சரியான நேரத்தில் கோபப்படுவது நற்குணம். உரோம மெய்யியலாளர் செனெக்கா கோபத்தைப் பற்றி மூன்று பாகத்தில் ஒரு நூலே எழுதி, அது அடியோடு வேண்டாம் என்றார். யார் சரி என்று ஒரு பின்னேரம் முழுக்க வாதாடலாம். நாங்களும் வாதாடினோம். ஆனால் இந்தக் கேள்விக்கு வாதத்தோடு வேலை முடிவதில்லை.

செனெக்கா அதே நூலில் தான் செய்வதைச் சொல்கிறார். இரவு விளக்கை எடுத்த பிறகு, அவருடைய வழக்கம் தெரிந்த மனைவியும் பேசாமல் இருக்கும்போது, அன்றைய நாளை முழுவதும் திரும்பப் பார்ப்பாராம். அவருக்கு வழிகாட்டிய செக்ஸ்டியஸ் கேட்டுக்கொண்டவை மூன்று: இன்று எந்தக் கெட்ட குணத்தைச் சுகப்படுத்தினாய்? எந்தப் பிழையை எதிர்த்து நின்றாய்? எந்த வகையில் முன்னேறினாய்? இதை எழுதிச் செய்யுங்கள். 'கோபப்பட்டேன்' என்று எழுதினால் காணாது. யாரிடம், எந்தச் சொல்லுக்கு, அது வருவதற்குக் கொஞ்சம் முன் உடம்பில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். குரல் உயர்வதற்கு முன் தாடை இறுகுவதைக் கண்டுபிடித்த ஒருவர் எங்களில் இருக்கிறார். இப்போது தாடை இறுகினால் எழும்பி மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறாராம்.

நம் சித்தாந்த மரபில் ஞானத்துக்கான படிகள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை. முதல் இரண்டையும் கூட்டமாகச் செய்யலாம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நான் ஒருவருக்கும் வழி சொல்லத் துணியமாட்டேன். அதற்குத் தகுந்தவர்களிடம் போங்கள், போகும்போது வாத்ஸ்யாயனரின் இரண்டு அடையாளங்களையும் கொண்டுபோங்கள்.

கூட்டம் தொடங்க விரும்புகிறவர்களுக்கு: ஏழெட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், பெருகினால் பிரசங்கமாகிவிடும். வட்டமாக இருங்கள். கதைத்ததை எழுதும் பொறுப்பு ஒவ்வொரு முறையும் வேறு ஒருவருக்கு. தேத்தண்ணி இடையில் தராமல் முடிவில் தாருங்கள், இடையில் தந்தால் பேச்சு விலைவாசிக்குப் போய்விடும். வாசிக்கத் தொடங்க 'இயூத்திஃப்ரோ' நல்லது, ஒரு பின்னேரத்தில் சத்தமாக வாசித்து முடிக்கக்கூடிய அளவு. அதற்குப் பிறகு மணிமேகலையின் 27ஆம் காதை. ஒரு பெண் வஞ்சி நகரில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகிறாள். உரையோடு உள்ள பதிப்பாகத் தேடுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது அடியிலேயே பிள்ளைகள் சைக்கிளைப் பார்க்கத் தொடங்கிவிடும். கான்ட் இப்போதைக்கு வேண்டாம்.